சனி, ஞாயிறு சொந்தக்காரர் வீட்டுப் பயணம்: இராமநாதபுரம் கடலோரக் கேள்வி பதில்

22 வருடமாக இந்தக் கடலோரத்தில் வேன் ஓட்டுகிறேன். தொண்டி முதல் சாயல்குடி வரை வழி கேளுங்கள், சொல்கிறேன்.

திருச்சி: அப்பத்தா வீடு தேவிபட்டினம் பக்கம். பிள்ளைகளோடு காரில் போகிறோம். மதுரை போய்ச் சுற்ற வேண்டுமா?

வேண்டாம். புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க் கரையில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்' என்று அப்பத்தா சொல்லியிருப்பார். நாரையே ஒரே மூச்சில் தாண்ட முடியாத அகலம் என்று அர்த்தம்.

இருட்டுவதற்குள் வீடு சேருங்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஒரு ஆடு குறுக்கே ஓடினால் வண்டியை நிறுத்திவிடுங்கள், பின்னால் வரும் பத்து ஆடு முள்ளுக்குள் நிற்கும்.

அப்புறம் தண்ணீர். 20 லிட்டர் கேன் இரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள். போன சித்திரையில் உச்சிப்புளி பக்கம் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டேன். வாசலில் ஏழு பிளாஸ்டிக் குடம், ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. விலைக்கு வாங்கிய தண்ணீர். வந்த பிள்ளைகள் கால் மணலைக் கழுவ ஒரு குடத்தைச் சாய்த்துவிட்டார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே நின்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மதுரை: பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கலாமா?

கூடாது. 1988இல் திறந்த பாலம், போக ஒரு வழி, வர ஒரு வழி, அவ்வளவுதான். நீங்கள் நின்றால் பின்னால் வரும் பஸ் எதிர்ப்பக்கம் ஏறித்தான் போக வேண்டும். ஏறுவதற்கு முன்பே மண்டபம் பக்கம் ஓரங்கட்டிவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

விருதுநகர்: புது ரயில் பாலத்தை எத்தனை மணிக்குத் தூக்குவார்கள்?

கப்பலோ பெரிய படகோ கடக்கும்போதுதான். 1914ஆம் வருடத்துப் பழைய பாலம் இரண்டு கையை விரிப்பதுபோல் திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்ததில் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே போகும். கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

கோவை: தனுஷ்கோடியில் பெண்கடல் அமைதியாக இருக்குமாமே, பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

விடாதீர்கள். ஆண்கடல், பெண்கடல் என்பது பேச்சுக்குச் சொல்வது. இங்கே மீன்பிடிக்கிறவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண்கடல் என்கிற வடகடல் பாக் நீரிணைப் பக்கம், ஆண்கடல் என்கிற தென்கடல் மன்னார் வளைகுடா. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை கிளம்பினால் அப்படியே தலைகீழ்.

கோவை மறுபடியும்: எங்கள் மாமா மண்டபத்துக்காரர். பெண்கடல் எப்போதும் அமைதி என்கிறாரே?

மாமா எந்த மாதத்தை நினைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். கார்த்திகையில் அதே வடகடலில் நாட்டுப்படகை இறக்கவே யோசிப்பார்கள். தனுஷ்கோடிக் கடைசி முனையான அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கிறது. மேலே அலை இல்லாவிட்டாலும் அடியில் இழுப்பு இருக்கும், காலடி மணல் சரியும். முழங்கால் தண்ணீரில் நின்ற ஆள் இடுப்பளவுக்குப் போனதை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். கயிறு போட்டு இழுத்தோம். யார் வீட்டுப் பிள்ளையும் அங்கே இறங்க வேண்டாம்.

தூத்துக்குடி: கச்சான் மேல்காற்று இல்லையா? தென்மேற்கு என்பதுபோல் எழுதுகிறீர்களே.

நீங்கள் சொல்வதும் சரி. கரைக்குக் கரை காற்றின் பெயர் கொஞ்சம் நகரும். அந்தக் காற்றில் எந்தக் கடல் கெடும் என்பதில் நமக்குள் சண்டை இல்லையே.

தேனி: பாலத்தில் இரண்டே நிமிடம், செல்ஃபி மட்டும்?

மேலே சொல்லியாயிற்று. இரண்டு நிமிடமும் கூடாது.

சென்னை: ஞாயிறு கிளம்பும்போது சின்னம்மா மீன் கொடுத்துவிடுவார். கெடாமல் கொண்டுவருவது எப்படி?

செவுள், குடல் எடுத்துக் கழுவித் தரச் சொல்லுங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஒரு அடுக்கு உடைத்த ஐஸ், ஒரு அடுக்கு மீன், மேலே மறுபடி ஐஸ். உருகும் தண்ணீரில் மீன் ஊறினால் சதை குழைந்துவிடும். அதனால் பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டு, கீழே தட்டு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறிவிடும். அந்த நாளில் சின்னம்மாவைச் செலவுக்கு இழுக்காமல் கருவாடு போதும் என்று சொல்லிவிடுங்கள்.

திண்டுக்கல்: ஆடி அமாவாசையோடு சேர்த்துப் போகலாமா?

சேதுக்கரை, தேவிபட்டினம், ராமேஸ்வரம் மூன்றிலும் அன்று வண்டி நகராது. வேறு வாரம் பாருங்கள்.

சேலம்: பாலத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டா?

இல்லை. தயவுசெய்து மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

மதுரை, வேறொருவர்: அம்மாச்சி வீடு உச்சிப்புளி. சனிக்கிழமை நேரே தனுஷ்கோடி பார்த்துவிட்டு, ராத்திரி அம்மாச்சி வீட்டில் படுத்து, காலையில் திரும்பலாமா?

அம்மாச்சி வீடு வழியிலேயே இருக்கிறது தம்பி. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இறங்குங்கள், இருட்டும்வரை அவரோடு இருங்கள். தனுஷ்கோடிக்கு ஞாயிறு விடியற்காலையில் போகலாம். முன் சீட்டில் அம்மாச்சியை உட்காரவையுங்கள்.