சவுத்தாலின் மிஸ்டி இன் ரூட்ஸ்: ஓர் ஊரும் அதன் ரெகே குழுவும்

கேள்வி: பாப் மார்லியைத் தாண்டி, ஜமைக்காவுக்கு வெளியே ஓர் ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்லத்தக்க ரெகே இசைக்குழு ஏதேனும் உண்டா? அதன் வரலாறு என்ன?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் பர்மிங்காம் நகரத்தின் ஸ்டீல் பல்ஸ் அல்லது யூபி40 குழுவைச் சொல்வார்கள். விற்பனையையும் விருதையும் வைத்துப் பார்த்தால் அது சரியான விடைதான். ஆனால் ஊரின் வரலாற்றிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாத குழு எது என்று கேட்டால், மேற்கு லண்டனின் சவுத்தாலில் 1970களின் நடுப்பகுதியில் உருவான மிஸ்டி இன் ரூட்ஸ் குழுவையே நான் முதலில் சொல்வேன்.

சவுத்தால் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பஞ்சாபிக் கடைவீதியும் குருத்வாராவும்தான். இங்கிலாந்துத் தமிழர்கள் நன்கறிந்த மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கும் அதே ஈலிங் நகராட்சிக்கு உட்பட்ட பகுதி அது. அங்கே பஞ்சாபியரோடு கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களும் வாழ்ந்தன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இக்குழுவைத் தொடங்கினார்கள். வால்ஃபோர்ட் டைசன், அவருடைய சகோதரர் டெல்வின் டைசன், டெல்பர்ட் மெக்கே ஆகியோர் முன்னின்று பாடினார்கள். 1975இல் ஜமைக்கப் பாடகர் நிக்கி தாமஸின் பிரிட்டன் பயணத்தில் பின்னணி இசைக்கும் வாய்ப்பு கிடைத்தது. அதன் பிறகு, பிறருக்குத் துணையாக வாசிப்பதைவிடத் தங்கள் சொந்தப் பாடல்களைப் பாடுவதே தங்கள் வேலை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 1976 ஜூனில் குர்தீப் சிங் சக்கர் என்ற இளைஞர் சவுத்தால் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். நேஷனல் ஃப்ரண்ட் என்னும் இனவெறிக் கட்சி ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எதிராக எழுந்த 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கத்தின் மேடைகளில் இடைவிடாமல் வாசித்த குழுக்களில் மிஸ்டியும் ஒன்று. ரெகே குழுவும், வேகமும் ஆவேசமும் நிறைந்த ராக் இசையான பங்க் வாசிக்கும் குழுவும் ஒரே இரவில் ஒரே மேடையில் ஏறுவது அந்த இயக்கத்தின் வழக்கம். மிஸ்டியும் அதன் நண்பர்களும் 'பீப்பிள் யுனைட்' என்ற கூட்டுறவு அமைப்பை நடத்தினார்கள். பார்க் வியூ சாலை 6ஆம் எண் வீடுதான் அதன் இருப்பிடம். ஒத்திகையும் அங்கேதான் நடந்தது. வெள்ளையின இளைஞர்களான 'தி ரட்ஸ்' என்ற பங்க் குழுவின் முதல் இசைத்தட்டை 1979இல் வெளியிட்டது இந்தக் கறுப்பின இளைஞர்களின் அமைப்புதான் என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைத்துக்கொள்வேன்.

1979 ஏப்ரல் 23ஆம் நாள், பொதுத்தேர்தலை முன்னிட்டு நேஷனல் ஃப்ரண்ட் சவுத்தால் நகர மன்றத்திலேயே கூட்டம் நடத்த அனுமதி பெற்றது. ஊரே எதிர்த்துத் திரண்டது. 2,500க்கும் மேற்பட்ட காவலர்கள் குவிக்கப்பட்டார்கள். அன்று பார்க் வியூ சாலை வீடு காயம்பட்டவர்களுக்கான முதலுதவி இடமாகவும், கைதானவர்களுக்குச் சட்ட உதவி தரும் இடமாகவும் இயங்கியது. மாலையில் காவலர்கள் உள்ளே புகுந்தார்கள். மாடியிலும் படிக்கட்டிலும் இருந்தவர்கள் தடியடிக்கு நடுவே வெளியே துரத்தப்பட்டார்கள். குழுவின் ஒலிக்கருவிகள் நொறுக்கப்பட்டன. மிஸ்டியின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டை ஓடு உடைந்து நினைவிழந்து கிடந்து, பிறகு உயிர் பிழைத்தார். நியூசிலாந்திலிருந்து வந்து லண்டனில் ஆசிரியராகப் பணியாற்றிய பிளேர் பீச், அன்றைய எதிர்ப்பில் கலந்துகொண்டபோது தலையில் பட்ட அடியால் இறந்தார். அவரை அடித்தவர் ஒரு காவலராகவே இருக்கக்கூடும் என்ற முடிவைக் கொண்ட காவல்துறையின் உள் அறிக்கை 2010இல்தான் வெளியிடப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் அதை மூடி வைத்திருந்ததை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பார்க் வியூ சாலை வீடும் பின்னர் இடிக்கப்பட்டது.

அன்று நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டு, 300க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு தொடுக்கப்பட்டது. அவர்களுடைய வழக்குச் செலவுக்காக அந்த ஜூலையில் லண்டன் ரெயின்போ அரங்கில் நடந்த கச்சேரிகளில் 'தி ஹூ' ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட், பங்க் குழுவான தி கிளாஷ் போன்றோரும் மேடையேறினார்கள். ரட்ஸ் குழு பேக்கருக்கு நேர்ந்ததைத் தன் 'ஜா வார்' பாடலில் பதிவு செய்தது.

இசையைப் பற்றிச் சொல்லாமல் இக்குழுவைப் பற்றிய பேச்சு முழுமை பெறாது. ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு மாற்றாக 1979இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த விழாவில் மிஸ்டி வாசித்ததன் நேரடிப் பதிவுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில், நான்கு தட்டுகளில் முதல் தட்டைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவது தட்டில் பெருமுரசு விழும். இரண்டாம், நான்காம் தட்டுகளில் கிதார் வெட்டிக்கொண்டு போகும். நம் காது எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழாததால், கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாருக்குப் பேச இடம் கிடைக்கிறது. மிஸ்டி இந்த இடைவெளியை அவசரப்பட்டு நிரப்புவதில்லை. ஆர்கன் மெல்லிய குமிழ்களாக ஓடிக்கொண்டிருக்க, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். ஸ்டுடியோவில் பல நாள் இழைத்துச் செய்யும் வேலையை ஒரே இரவில், ஓர் அயல்நாட்டுக் கூட்டத்தின் முன் செய்து காட்டியிருக்கிறார்கள். பிபிசி வானொலியின் இசை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் பீல் இந்த ஆல்பத்தை மறுபடி மறுபடி ஒலிபரப்பினார். விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒரு குழுவின் பெயர் சவுத்தாலைத் தாண்டிப் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த ஆல்பம் பீப்பிள் யுனைட் பெயரில்தான் வெளிவந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் கையில் போயிருந்தால் அவர்கள் இன்னும் அதிகம் விற்றிருக்கக்கூடும். ஆனால் எங்கே பாடுவது, யாருக்காகப் பாடுவது என்பதை அவர்களே முடிவு செய்யும் சுதந்திரம் நிலைத்திருக்குமா என்பது எனக்கு ஐயம்தான். 1982இல், விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஜிம்பாப்வேக்குப் போய் அங்கே கச்சேரிகள் நடத்தினார்கள். ஆப்பிரிக்காவைப் பாட்டில் மட்டும் ஏங்கிப் பாடிக்கொண்டிருந்த பல குழுக்களுக்கு நடுவே, இவர்கள் நேரில் சென்றார்கள். 1985இல் வந்த 'மூசி ஓ துன்யா' ஆல்பத்துக்கு விக்டோரியா அருவியின் உள்ளூர்ப் பெயரைச் சூட்டியது அந்த உறவின் தொடர்ச்சிதான்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் பிரஸ்ஸல்ஸ் பதிவில் உள்ள 'மேன்கைண்ட்', 'கெட்டோ ஆஃப் தி சிட்டி' ஆகிய பாடல்களிலிருந்து தொடங்கலாம். பிறகு 1981இல் வந்த 'வைஸ் அண்ட் ஃபூலிஷ்', 1983இல் வந்த 'எர்த்' ஆகியவற்றுக்குப் போகலாம். பேஸ் ஒலியைச் சரியாகத் தராத கைபேசி ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். இந்த இசையில் பாதி கீழ்ச்சுரங்களில்தான் இருக்கிறது.