மெட்டடார் வேனுக்குக் கேஸ் ஹீட்டர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 1988ஆம் ஆண்டு மாடல் மெட்டடார் டீசல் வேன் ஒன்று இருக்கிறது. என் தந்தையார் கடைச் சரக்கு ஏற்றுவதற்காக வாங்கிய வண்டி அது. விற்க மனம் வராமல், உள்ளே படுக்கையும் சின்னச் சமையல் மேடையும் அமைத்து வைத்திருக்கிறோம். வரும் தை மாதம் ஊட்டிக்கும், அடுத்த ஜூன் மாதம் லடாக்கிலுள்ள லே நகருக்கும் போகத் திட்டம். இரவில் வண்டிக்குள்ளேயே உறங்குவோம். ஆரோவில்லில் இருந்து ஊர் திரும்பும் ஒருவர், ஐரோப்பியக் கேம்பர் வேனில் இருந்து கழற்றிய புரொப்பேன் ஹீட்டரை 22,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இணையத்தில் கையில் தூக்கிச் செல்லும் கேஸ் ஹீட்டர் 9,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? வீட்டு சிலிண்டரையே படுக்கைக்கு அடியில் வைத்து அதில் இணைத்துக்கொள்ளலாமா? வண்டியின் படங்களை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கையில் தூக்கிச் செல்லும் ஹீட்டரை வாங்க வேண்டாம். விலை பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். ஆரோவில் ஹீட்டரை வாங்கலாம். ஆனால் கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறினால் மட்டும். இந்த முடிவுக்கான காரணம் விலையிலோ பிராண்டிலோ இல்லை. எரிந்த காற்று எங்கே போகிறது என்ற ஒரே கேள்வியில்தான் இருக்கிறது.

தூக்கிச் செல்லும் வகையில் சுடர் உங்கள் அறைக்குள்ளேயே எரிகிறது. அது உங்கள் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்து, எரிந்த புகையையும் உங்கள் காற்றிலேயே விடுகிறது. 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் கேஸ் எரிக்கும். அதற்கு ஏறத்தாழ 2 கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் தேவை. உங்கள் வண்டியின் உட்புறம் 8 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்த ஒரு மணி நேரத்தில் கால் பங்கு ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரிந்து, நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். கேரளத்தின் வடகரையில் 2024 டிசம்பரில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த இந்த வாயு உள்ளே புகுந்ததே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அங்கே எந்திரம் வேறு. ஆனால் அடைத்த வண்டி, உறக்கம், அதே வாயு.

“ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் வசதி உள்ளது” என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது பொய் இல்லை. ஆக்சிஜன் 18 சதவீதத்தை ஒட்டிக் குறையும்போது கேஸை நிறுத்தும் அமைப்பு நல்ல ஹீட்டர்களில் உண்டு. ஆனால் அது ஆக்சிஜனைத்தான் கவனிக்கிறது, கார்பன் மோனாக்சைடை அல்ல. மேலும் அது மலையில் தடுமாறும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு ஹீட்டரை வாங்கிக்கொண்டு ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனேன். பற்றவைத்துக் குமிழைப் பிடித்திருந்த வரை நீலச்சுடர் நின்றது. கையை எடுத்தால் சிறிது நேரத்தில் ‘டக்’ என்று அணைந்தது. இரவு பதினொரு மணி வரை மாற்றி மாற்றிப் பற்றவைத்துவிட்டு, குழந்தையை எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தோம். காலையில் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், 7,000 அடிக்கு மேல் அணையக்கூடும் என்ற ஒரு வரியைக் கண்டேன். ஊட்டி 2,240 மீட்டர், அதாவது ஏறத்தாழ 7,350 அடி. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லே நகரம் 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இன்னொன்றும் உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எட்டு மணி நேரம் எரித்தால் ஏறத்தாழ 2 லிட்டர். அது முழுவதும் குளிர்ந்த தகட்டின் உட்புறத்தில் வியர்த்து வழிந்து தரைக்குள் இறங்கும். கடற்காற்றில் 35 ஆண்டுகளுக்கு மேல் நின்ற மெட்டடாரின் தரைக்கு இது ஆகவே ஆகாது.

ஆரோவில் ஹீட்டர், நீங்கள் அனுப்பிய படத்தின்படி, மூடிய எரிகலன் உள்ள வகை. அதற்கான காற்றை ஒரு குழாய் வெளியிலிருந்து இழுக்கிறது. புகையை இன்னொரு குழாய் வெளியே தள்ளுகிறது. இடையிலுள்ள உலோகக் கூட்டின் சூடு மட்டும் உங்களுக்கு வருகிறது. ட்ரூமா போன்ற ஐரோப்பியத் தயாரிப்புகள் இந்த முறையில் இயங்குகின்றன. ஈரமும் புகையும் உள்ளே வராது, அந்த உலோகக் கூடு முழுதாக இருக்கும் வரையில். எனவே விலை பேசுவதற்கு முன் மூடியைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் கூட்டைப் பாருங்கள். துரு செதில் செதிலாக உரிந்தாலோ, மூட்டுகளில் கரி படிந்திருந்தாலோ அத்துடன் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்து, பெயர்த்தகட்டில் அழுத்தத்தைப் படியுங்கள். பழைய ஜெர்மானிய வண்டிகளில் 50 மில்லிபார் இருக்கும். பிந்தையவற்றில் 30 மில்லிபார். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவதும் 30 மில்லிபாரை ஒட்டிய அழுத்தம்தான் என்பதால், 30 என்று இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். டீக்கடை அடுப்புக்குப் போடும் உயர் அழுத்த ரெகுலேட்டரை யாராவது மாட்டித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவதாக, திறந்த வெளியில் பற்றவைக்கச் சொல்லி, நன்கு சூடான பிறகு சிலிண்டரை மூடச் சொல்லுங்கள். சுடர் அணைந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் உள்வால்வு ‘டக்’ என்று தானே மூடும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், சுடர் அணைந்தும் கேஸ் வந்துகொண்டே இருக்கும் என்று பொருள். இவை அனைத்திலும் தேறினாலும் புகைக்குழாயும் ரப்பர்க் குழாய்களும் புதியவையாக இருக்க வேண்டும். அந்தச் செலவைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்பது நியாயம்தான்.

சிலிண்டர் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டு உபயோக சிலிண்டரை வீட்டுச் சமையலுக்கு அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்துவது, 2000ஆம் ஆண்டின் எல்பிஜி வினியோக ஆணைப்படி தவறு. அதற்கு மாற்றாக, முகவரிச் சான்று இல்லாமல் அடையாளச் சான்று மட்டும் காட்டி ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயில் அதைச் ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. மேலே சொன்ன கணக்கில் அது நான்கு இரவுகளுக்குச் சரியாக இருக்கும். நம்மிடம் கிடைக்கும் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். ஜூன் மாத லே நகரத்துக்கு இது பெரிய தடையாகாது. குளிர்காலத்தில் போனால், சிலிண்டரில் பாதி கேஸ் இருந்தும் சுடர் சோர்ந்துவிடும்.

சிலிண்டரைப் படுக்கைக்கு அடியில் வைக்கும் எண்ணத்தையும் கைவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் குளம்போல் தேங்கும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் பற்றிய தீயில் ஒன்பது பேர் மாண்டார்கள். சிலிண்டருக்கு என்று தனிப் பெட்டி வேண்டும். அது வண்டியின் உட்புறத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வெளிப்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். அடியில் குறைந்தது 100 சதுர சென்டிமீட்டர் திறப்பு இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து, பட்டையால் இறுக்கப்பட்டு நிற்க வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்க வேண்டும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பது பழைய வழக்கம்தான், ஆனால் அதைவிட நல்ல சோதனை இல்லை. ஒரு மெக்கானிக் ஷெட்டில், “இறுக்கிவிட்டேன்” என்று சொல்லப்பட்ட இணைப்பில் நுரை தடவியபோது, கடுகளவு குமிழ் ஒன்று எழுந்து உடைந்து, அதே இடத்தில் மறுபடி எழுந்ததை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். மூக்குக்கு எட்டாத கசிவு அது. மலைப்பாதையில் குலுங்கிய பிறகு, ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் மூன்றாவது படத்தில், பின்கதவின் கீழ்விளிம்பில் ரப்பர் பட்டை சுருண்டு, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. ஐந்தாவது படத்தில், தரைவிரிப்பு ஓரத்தில் கறுப்புப் பெயின்ட் புடைத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது பெயின்ட்டின் கீழ் இருக்கும் ஓட்டை. ஹீட்டரின் புகைக்குழாய் முடிவதும் வண்டியின் சைலன்சர் முடிவதும் இதே தரைக்கு அடியில்தான். வெளியே தள்ளிய புகை அந்த வழியாகத் திரும்பி வருமென்றால், மூடிய எரிகலனுக்குக் கொடுத்த பணம் வீண். ஆகவே முதல் செலவு தகரவேலைக்கும் கதவு ரப்பருக்கும் ஆகட்டும். அடுத்தது கூரையிலும் பக்கச் சுவர்களிலும் குளிர் தடுப்புப் பலகை. இவை முடிந்தபின் ஊட்டிக்கு நல்ல ரஜாயும் சுடுநீர்ப் பையுமே போதும் என்பது என் கருத்து. லே பயணத்துக்கு மட்டும் ஹீட்டரை யோசியுங்கள்.

எந்த ஹீட்டராக இருந்தாலும், படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரமும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேஸ் கசிவு அலாரமும் வையுங்கள். ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரத்தின் இரண்டாம் பகுதி, இத்தகைய வண்டிகளுக்கும் படகுகளுக்கும் என்றே வகுக்கப்பட்டது. பெட்டியின் மேல் அதைத் தேடிப் பாருங்கள். லே நகரில் இது இன்னும் முக்கியம். தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை உயரத்தால் வரும் நோய்க்கும் அறிகுறி, இந்த வாயுவுக்கும் அறிகுறி. “மலை ஒத்துக்கொள்ளவில்லை” என்று நினைத்து மறுபடி படுத்துவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

ஆரோவில் ஹீட்டர் தேறாவிட்டால் டீசல் ஹீட்டரைப் பாருங்கள். உங்கள் வண்டியின் டேங்கிலிருந்தே ஓடும். சிலிண்டர் தொல்லை இல்லை. எரிவதும் மூடிய கலனில்தான். 1,500 மீட்டருக்கு மேல் கரி பிடிக்காமல் இருக்க, உயரத்துக்கு ஏற்ப எரிபொருளைக் குறைக்கும் வசதி உள்ள மாடல்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எதையும் பொருத்துமுன், போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டி மாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கும்போதுதான் பேசப்படும்.

கேள்வி: தூக்கிச் செல்லும் கேஸ் ஹீட்டர் ஒன்றை ஓர் இணையத்தளத்தில் வாங்கினேன். ‘கார்பன் மோனாக்சைடு சென்சார் உள்ளது’ என்று போட்டிருந்தார்கள், வந்ததில் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் இல்லை. திறந்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள்.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவர்கள் அப்படிச் சொல்ல முடியாது, அம்மா. விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை, 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. பெட்டியைத் திறக்காமல் சென்சார் இல்லை என்று யாராலும் அறிய முடியாது. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. அது தனிக் குற்றம்.

விளம்பரப் பக்கம் மாறுவதற்குள் தேதி தெரியும்படி அதைப் படம் பிடித்து வையுங்கள். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரே போதும், விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதுவரை அந்த ஹீட்டரை ஒருமுறைகூடப் பற்றவைக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் 1969ஆம் ஆண்டு வேன் இருக்கிறது. ‘விண்டேஜ்’ என்று பதிந்துகொண்டால், கேம்பராக மாற்றிக் கேஸ் ஹீட்டர் வைப்பது எளிதாகுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: எளிதாகாது, நடக்கவே நடக்காது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பதிந்த பிறகு கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். குடும்பத்தோடு மலைக்குப் போவது அதில் சேராது. போவதுதான் உங்கள் ஆசை என்றால், சாதாரணப் பதிவிலேயே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.