களி கிண்டிய கை

கேள்வி: விடிந்தால் தக்காளிப் பறிப்பு, அப்புறம் மாடு, சமையல். ஓவியம் பார்ப்பதால் என்னைப் போன்றவளுக்கு என்ன கிடைக்கும்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, நெதர்லாந்து ஓவியர் வான்கா 1885-இல் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தைத் தேடிப் பாருங்கள். ஒரே விளக்கு, ஐந்து பேர், கொஞ்சம் கிழங்கு. தட்டுக்கு நீளும் அந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின என்று காட்டவே வரைந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். முகங்களுக்குக்கூடத் தோல் உரிக்காத, மண் ஒட்டிய கிழங்கின் நிறம்தான்.

அதை நான் ஒரு பழைய பத்திரிகையின் நடுப்பக்கத்தில் பார்த்தேன். உடனே என் அம்மா நினைவுக்கு வந்தார். கிருஷ்ணகிரி வீட்டில் சட்டியைக் கால்களால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கேழ்வரகுக் களி கிண்டுவார். வலது மணிக்கட்டில் ஒரு தீத்தழும்பு. முப்பது வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவன் நான். அது எப்படி இருந்தது என்று அன்றுதான் யோசித்தேன். வரைய உட்கார்ந்தபோது அம்மா உயிரோடு இல்லை. கட்டைவிரல் எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

தருமபுரிக்குப் போனால் அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். நம் பகுதி நடுகல் வீரர்களில் பலர் மாடுகளை மீட்கப் போய் இறந்தவர்கள். உங்கள் வீட்டில் இருப்பதும் மாடுதானே!

சரி, இந்த வாரம் ஒரு பென்சில் எடுங்கள். கூடை தூக்கும் யாராவது ஒருவரின் கையை வரையுங்கள். கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. எனக்கு அனுப்புங்கள்.