நாய்க்கும் பூனைக்கும் காப்புறுதி: கையெழுத்துப் போடும் முன் எதைக் கேட்பது?

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வீட்டில் இரண்டு வயது ஜேர்மன் ஷெப்பர்ட் கலப்பு நாயும் ஒன்பது வயதுக் கடுவன் பூனையும் இருக்கின்றன. பூனைக்குப் போன வருடம் சிறுநீர் அடைத்துப் பெரும் பாடாகிவிட்டது. காப்புறுதி முகவர் ஒருவர் இரண்டு திட்டங்களைக் காட்டினார். ஒன்று மலிவு, மற்றது அதைப்போல மூன்று மடங்கு. எதை எடுப்பது?

பதில்: அந்த மலிவான திட்டம் எப்போது பணம் தருகிறது என்று முதலில் பாருங்கள். மாட்டுக்குக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மாடு செத்தால் ஒரு தொகை கிடைக்கும். கறவை மாடு போனால் வருமானமே போகிறது என்பதால் அங்கே அது சரி. உங்கள் நாய்க்கு வேண்டியது அதைப் பிழைக்க வைக்கும் செலவு. மலிவுத் திட்டம் இறப்புக்கு மட்டும் பணம் தருவதாக இருந்தால் விட்டுவிடுங்கள். விபத்து, நோய் இரண்டுக்கும் சிகிச்சைச் செலவு தரும் திட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அப்புறம் விலக்குகள், அதாவது எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்று எழுதியிருக்கும் பக்கத்துக்குப் போங்கள். என்னென்ன கிடைக்கும் என்ற பக்கத்தைவிட இதைத்தான் நான் முதலில் வாசிக்கச் சொல்வேன். நம் மலைப்பக்கத்தில் நாய்களுக்கு உண்மையில் என்ன நேர்கிறதோ, அதை அந்தப் பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள்.

முக்கியமானது உண்ணிக் காய்ச்சல். பபீசியா, எர்லிக்கியா என்ற கிருமிகளை உண்ணிகள் பரப்புகின்றன. நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளிறும், சிலவற்றுக்குச் சிறுநீர் கடும் நிறமாகும். இரத்தப் பரிசோதனை, ஊசி, சேலைன், மோசமானால் இரத்தம் ஏற்றுவது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குணமான பிறகும் பபீசியா உடலில் தங்கி, மாதங்கள் கழித்துத் திரும்ப வரலாம். அப்போது ‘இது ஏற்கனவே இருந்த நோய்’ என்று நிறுவனம் கைவிரித்தால், நீங்கள் கட்டிய பணத்துக்குப் பயன் இல்லை. ‘முதல் வருடத்தில் ஏற்றுக்கொண்ட நோய், புதுப்பித்த பிறகு திரும்ப வந்தாலும் ஏற்பீர்களா?’ என்ற ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நோய்களுக்கான காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். அந்த நாட்களுக்குள் வரும் காய்ச்சலுக்குப் பணம் கிடைக்காது.

பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் போன்ற, தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய்களுக்கு, ஊசி காலத்துக்குப் போடப்படாவிட்டால் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். ஊசிப் பதிவுக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அரசாங்கம் இலவசமாகப் போடுவது. அதையும் விடாமல் போட்டுக் கொப்பியில் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சிறுத்தை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இரவில் லயத்து வாசலிலிருந்தே நாயைத் தூக்கிப்போகிறது. காயத்தோடு தப்பினால் அது விபத்தா? காட்டு மிருகம் தாக்குவதை விலக்கியிருக்கிறார்களா? இரவில் வெளியே விட்டதை உங்கள் கவனக்குறைவு என்பார்களா? நாயையே தூக்கிப்போய்விட்டால் இறந்ததற்கு மிருக வைத்தியரின் சான்றிதழ் எப்படிக் காட்டுவது? இதெல்லாம் கொழும்பில் எழுதிய படிவத்தில் இருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி, பாம்புக்கடி இரண்டையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். காப்புறுதி இருக்கட்டும், இருட்டிய பிறகு நாயை உள்ளே கட்டுங்கள்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். சத்திரசிகிச்சைக்கு 60,000 ரூபாய் பில் வருகிறது என்று வைப்போம். முதல் 5,000 உங்கள் கைச்செலவு, மீதியில் 20 சதவீதமும் உங்கள் கைச்செலவு என்றால் கைக்கு வருவது 44,000. ஆனால் சத்திரசிகிச்சைக்கு 30,000தான் உச்சம் என்று ஒரு வரி எங்காவது இருந்தால் 30,000தான். முகவரை உட்காரவைத்து இதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். ஒரு பெரிய சத்திரசிகிச்சையைக்கூடத் தாங்காத வருட வரம்பு என்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.

எங்கே காட்டுவீர்கள் என்பதும் பெரிய விஷயம். உங்கள் பிரதேச அரச மிருக வைத்தியர் தரும் பற்றுச்சீட்டு செல்லுமா, அல்லது அவர்கள் பட்டியலில் உள்ள இடங்கள் மட்டுமா? கடுமையான நோய் என்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டிவரும். அந்த பில் ஏற்கப்படுமா? வாகனக் கூலியைப் பெரும்பாலும் தரமாட்டார்கள், அதைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். சம்பவத்தை எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் பாருங்கள். மழைக்குச் சிக்னல் போகும் இடத்தில் அது முக்கியம்.

பெரிய நாய் என்பதால், அது யாரையாவது கடித்தால் வரும் நட்டஈட்டுக்கும் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். கொழுந்துக்குப் போகிறவர்களும் பிள்ளைகளும் நடக்கும் பாதையில் இருக்கிறீர்கள். இருந்தால் நல்லது.

ஆக, மேலே கேட்டவற்றுக்கு ஒழுங்கான பதில் வந்தால் நாய்க்கு அந்த விலை கூடிய திட்டத்தை இப்போதே எடுங்கள். இளசாக, நோயில்லாமல் இருக்கும்போது எடுப்பதுதான் லாபம்.

பூனைக்கு வேண்டாம். கடுவன்களுக்குச் சிறுநீர் அடைப்பு திரும்ப வரக்கூடியது, உங்களுக்கு அதிகம் தேவைப்படப்போவதும் அதுவே. அதை ஏற்கனவே இருந்த நோய் என்று ஒதுக்குவார்கள். அந்தக் கட்டுப்பணத்தை மாதாமாதம் தனி வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். பூனை அடிக்கடி மணல்தட்டுக்குப் போய் ஒன்றும் வராமல் முக்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

நாயின் படிவத்தில் பழைய நோய் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் சம்பந்தமில்லாத கோரிக்கையும் விழுந்துபோகும். முறையாக எழுதியும் கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குக் கொடுங்கள். அங்கேயும் தீராவிட்டால், இப்படியான முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.