நெட் போனால் போனும் போகுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலை நடத்துகிறோம். போனுக்குப் பல வருடங்களாக, ஒரே நேரத்தில் பலர் பேசக்கூடிய பிஆர்ஐ லைன்தான். இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, இன்டர்நெட் வழியாகப் பேசும் சிப் ட்ரங்குக்கு மாறச் சொல்கிறார். இருக்கிற பிராட்பேண்டிலேயே ஓடுமாம், நம்பர் மாறாதாம், இன்டர்காம் பெட்டியை மட்டும் புதிதாக வாங்கினால் போதுமாம். நெட் போனால் போனும் போய்விடுமே என்று பயம். மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் அவர் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூட அப்படியே நம்பாதீர்கள்.

முதலில் உங்கள் பயம். ஆமாம், நெட் போனால் போனும் போகும். ஆனால் பிஆர்ஐயும் இப்போது பல இடங்களில் ஃபைபரில்தான் வந்து இறங்குகிறது. சாலையோரம் ஜேசிபி வாளி பட்டால் அதுவும் ஊமைதான். இந்த ஆபத்தோடுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள்.

பிஆர்ஐ என்பது ஒரே லைனில் 30 பேச்சுத் தடங்கள். நீங்கள் ஐந்தில் பேசினாலும் அத்தனைக்கும் சேர்த்துத்தான் வாடகை. சிப் ட்ரங்கில் குரல் சிறு சிறு டேட்டா பொட்டலங்களாகப் போகிறது. ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு தேவையோ அத்தனை சேனல் வாங்கலாம், சீசனில் கூட்டிக் கேட்கலாம். ஓர் அழைப்புக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 100 கேபிபிஎஸ். பத்து பேர் சேர்ந்து பேசினாலும் 1 எம்பிபிஎஸ்தான். போனுக்காக மட்டும் 100 எம்பிபிஎஸ் லைனை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதற்காக இருக்கிற பிராட்பேண்டில் ஓட்டலாம் என்பதும் சரியல்ல. சிசிடிவியும் டாலி பேக்கப்பும் அதே லைனில் ஏறும்போது குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். முறையான நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த இணைப்பில்தான் ட்ரங்கைத் தருகின்றன. ட்ரங்க் செயலிழந்தால் அழைப்புகள் தானாக இன்ன மொபைலுக்குப் போக வேண்டும் என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

கரன்ட் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜெனரேட்டர் இருக்கிறது என்பீர்கள். அது எடுப்பதற்குள் ரவுட்டர் அணைந்துவிடும், மறுபடி உயிர் பெறச் சில நிமிடம் ஆகும். ஃபைபர் மோடம், ரவுட்டர், இன்டர்காம் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் ஒன்று இன்னும் ஓடுகிறதா? அதை மட்டும் விடாதீர்கள். அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். ஆனால் சாதா செட் மாட்டியிருக்க வேண்டும், கார்ட்லெஸ் மாட்டினால் அது உங்கள் கரன்ட்டைத்தான் தேடும். அதையும் ஃபைபருக்கு மாற்றிவிட்டார்கள் என்றால் இந்தக் கணக்கில் சேராது. மாற்றியது தெரியாமலே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள்.

அடுத்து நம்பர். அதே நிறுவனத்தில் பிஆர்ஐயிலிருந்து சிப்புக்குப் போனால் பழைய நம்பரைத் தக்கவைக்கக் கேட்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போனால் மாறும். மொபைலில் நம்பரை எடுத்துக்கொண்டு கம்பெனி மாறும் வசதி 2011லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. லேண்ட்லைனுக்கு இன்றுவரை இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, புகார் கொடுத்தால் மட்டும் மறுநாளே ‘தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது.

அந்த ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கனெக்‌ஷன் யார் பெயரில்? சிலர் தங்கள் பெயரில் வாங்கி உங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சண்டை வந்தால் நம்பர் அவர்களோடு போய்விடும். உங்கள் ஊர் 04343க்குப் பதில் பெங்களூரின் 080 அல்லது சென்னையின் 044 நம்பர் தருகிறேன் என்றாலும் வேண்டாம். சிம் கார்டுகளை அடுக்கிய பெட்டி ஒன்றைக் காட்டி ‘பாதி விலை’ என்றால் அதைத் தொழிற்சாலைக்குள்ளேயே விடாதீர்கள். சிம் பாக்ஸ் சட்டவிரோதம், போலீஸ் வந்து நிற்பது உங்கள் வளாகத்தில்தான்.

இன்டர்காம் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பழைய பெட்டிக்கும் சிப்புக்கும் நடுவில் இரண்டையும் இணைக்கும் கேட்வே என்ற கருவி ஒன்றை வைத்தால் போதும். அது பெட்டியைவிட மலிவு, அதனால்தான் ஏஜென்ட் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஏற்றுமதி செய்கிறீர்கள் என்றால் ஐஎஸ்டி தேவைப்படும். ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் திறந்து, மாத உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். இன்டர்காம் பாஸ்வேர்ட் 1234 என்று கிடந்தால் திருடர்கள் ஞாயிறு இரவில் உள்ளே புகுந்து வெளிநாட்டுக்கு அழைத்துத் தள்ளுவார்கள். பில் உங்கள் பெயருக்கு வரும்.

மாற்றத்தை மாங்காய் வரத்து ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புது லைன் ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும். அப்புறம் பிஆர்ஐயை எழுத்தில் சரண்டர் செய்து, டெபாசிட்டைக் கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் வாடகை பில் வந்துகொண்டேதான் இருக்கும்.