95% நம்பிக்கை இடைவெளி (மாதிரியை வைத்து உண்மையான சராசரிக்கு நாம் போடும் 'இதிலிருந்து இதுவரை' என்ற வரம்பு) என்றால், உண்மையான சராசரி அதற்குள் இருக்க 95% வாய்ப்பு உண்டு என்றுதானே பொருள்?

இல்லை. எம்.எஸ்ஸி. வைவாவில் நானும் அப்படித்தான் சொன்னேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்பா, சராசரி என்ன இடம் மாறிக்கிட்டே இருக்குமா?" என்றார்.

முழுமைத்தொகுதியின், அதாவது மாதிரி எடுக்கப்படும் மொத்தக் கூட்டத்தின், சராசரி ஒரே எண். நமக்கு அது தெரியாது, அவ்வளவுதான். மாதிரிக்கு மாதிரி இடம் மாறுவது நாம் போடும் இடைவெளி. திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றுக்கு 95 வாக்கில் அந்த எண்ணைப் பிடித்திருக்கும். 1937-இல் புள்ளியியலாளர் நெய்மான் இதை வகுத்தபோது சொன்னதும் இவ்வளவுதான். உங்கள் கையில் இருக்கும் ஒரே ஒரு இடைவெளி பிடித்ததா, கோட்டை விட்டதா என்று அந்த 95 சொல்லாது.

சரி, நிஜ எண்களில் பார்ப்போம். 1879-இல் இயற்பியலாளர் மைக்கல்சன் சுழலும் கண்ணாடியை வைத்து, காற்றில் ஒளியின் வேகத்தை அளந்தார். மொத்தம் 100 அளவுகள். சராசரி நொடிக்கு 2,99,852 கி.மீ., திட்ட விலக்கம், அதாவது அளவுகளின் சிதறல், 79. அதை 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 7.9; சராசரி மாதிரிக்கு மாதிரி எவ்வளவு ஆடும் என்பதன் அளவு இது. எத்தனை திட்டப் பிழை தள்ளிப் போகவேண்டும் என்பதை டி அட்டவணை சொல்லும்: 99 கட்டின்மை எண்ணுக்கு (அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 1.98. 7.9-ஐ அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 16; சராசரிக்கு இருபக்கமும் அவ்வளவு. ஆக இடைவெளி 2,99,837 முதல் 2,99,868 வரை. வெறும் 31 கி.மீ. அகலம், அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் வெற்றிடத்திலேயே ஒளியின் வேகம் 2,99,792.458 தான். காற்றில் இன்னும் சுமார் 80 கி.மீ. குறையும். உண்மை எண் இடைவெளிக்குள் இல்லை, பக்கத்தில்கூட இல்லை.

இதை அந்த நூற்றில் ஐந்தாகப் பிறந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் 20 அளவுகளுக்குத் தனியாகப் போட்டால் 2,99,860 முதல் 2,99,958 வரை வரும். கடைசி 20-க்கு 2,99,806 முதல் 2,99,857 வரை. அதே ஒளி, அதே மனிதர். இரண்டு இடைவெளிகளும் தொட்டுக்கொள்ளக்கூட இல்லை! அளக்கும் முறையிலேயே ஏதோ ஒரு பக்கச் சாய்வு இருந்திருக்கிறது, அதுவும் போகப்போக மாறியிருக்கிறது. சூத்திரத்துக்குத் தெரிந்தது சிதறல் மட்டும். எல்லா அளவுகளும் ஒன்றாக ஒரு பக்கம் சரிந்தால் அதற்குத் தெரியாது. பத்தாயிரம் அளவு எடுத்திருந்தாலும், தப்பான இடத்தைச் சுற்றி இடைவெளி இன்னும் குறுகியிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் யாராவது இடைவெளியைக் காட்டினால், மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். 95-ஆ 99-ஆ என்பதெல்லாம் அப்புறம்.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் வைத்திருந்தால் இந்த நூறு எண்களும் அதிலேயே இருக்கின்றன. 'மோர்லி' என்ற பெயரில் தேடுங்கள். மோர்லி என்ற விஞ்ஞானி மைக்கல்சனுடன் சேர்ந்ததே பிற்பாடுதான், பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. இருபது இருபதாக ஐந்து தொகுதிகள். நடுவில் உள்ள மூன்றுக்கும் நீங்களே இடைவெளி போட்டுப் பாருங்கள்.