ஒரே மேடைப் பெயரில் இரண்டு பாடகர்கள்: உரிமை பதிவு செய்தவருக்கா, முதலில் பாடியவருக்கா?

கேள்வி: மேலூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த கிராமியப் பாடகன் நான். ஆதார் அட்டையில் உள்ள பெயர் வேறு. 2004 முதல் ‘மதுரை’ என்ற ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்த ஒரு மேடைப் பெயரில் கோயில் திருவிழாக்களில் பாடி வருகிறேன். வத்தலக்குண்டு பக்கத்து இளைஞர் ஒருவர் 2021 முதல் அதே பெயரில் பாடுகிறார்; யூடியூபிலும் பாட்டு வெளியிடுகிறார். பெயரின் பின்பாதி அவருடைய இயற்பெயர்தான். ‘மதுரை’ மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டது. சென்ற பங்குனியில் ஒரு விழாக் குழுவினர் நான் என்று நினைத்து அவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள். பாட்டுச் செயலிகளில் அவர் பாட்டுக்கு என் படம் வருகிறது. இப்போது அந்தப் பெயரை 2023-இல் பதிவு செய்துவிட்டதாகவும், 15 நாட்களில் நான் அதைக் கைவிட வேண்டும் என்றும் அவருடைய வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என் பெயரை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலம் மறுப்பு அனுப்பிவிட்டால், பின்னாளில் ‘கேட்டும் மௌனமாக இருந்தார்’ என்று சொல்ல இடமிராது.

பெயருக்குக் காப்புரிமை, அதாவது காப்பிரைட், உண்டு என்று கலைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். பாட்டுக்கும் வரிகளுக்கும் அது உண்டு. வெறும் பெயருக்கு இல்லை. மேடைப் பெயரைக் காப்பது 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம், அதாவது டிரேட்மார்க் சட்டம். எதிர்த்தரப்பின் பதிவு கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கான 41-ஆம் வகுப்பில் இருக்கக்கூடும். அந்தப் பதிவுச் சான்று நீதிமன்றத்தில் முதல்நோக்கு ஆதாரமாக ஏற்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் அதுவே முடிந்த முடிவு ஆகாது. அச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பதிவு செய்தவர் அப்பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாளுக்கும் பதிவு நாளுக்கும் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வரும் ஒருவரைத் தடுக்கும் உரிமையைப் பதிவு பெற்றவருக்குத் தருவதில்லை. அவர் தொடங்கியது 2021, நீங்கள் தொடங்கியது 2004. இந்த 17 ஆண்டு இடைவெளிதான் உங்கள் வழக்கின் உயிர்.

நம் பக்கத்து உதாரணமே ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரு தரப்பினரிடமும் பதிவு இருந்தது. பதிவைவிட முந்தைய பயன்பாட்டின் உரிமையே மேலானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பெயருக்கு முன்னால் ‘திருநெல்வேலி’ என்று சேர்த்துக்கொண்டது எதிர்த்தரப்பைக் காப்பாற்றவில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஆகவே எல்லாம் ஆவணத்தில்தான் இருக்கிறது. இந்த வாரமே வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கோயில் திருவிழா நோட்டீஸ்களில் நிகழ்ச்சி நிரலுக்குக் கீழே, ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். மேலே தமிழ் மாதத் தேதியும் ஆங்கிலத் தேதியும் இருக்கும். உங்கள் மேடைப் பெயர் அச்சான பழைய நோட்டீஸ், மஞ்சளாகிப் போயிருந்தாலும், இன்றைக்கு எடுத்த நூறு படங்களைவிட உங்களுக்குப் பயன்படும். விழாக் குழு கொடுத்த ரசீது, மதுரை வானொலியில் பாடியிருந்தால் அதன் ஒப்பந்தக் கடிதம், பத்திரிகைத் துணுக்கு ஆகியவற்றையும் சேருங்கள். நிகழ்ச்சிக்குக் காவல் துறை கொடுத்த அனுமதிக் கடிதத்திலோ, அனுமதி கேட்டு விழாக் குழுவினர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட மனுவிலோ உங்கள் குழுவின் பெயர் இருந்தால் அதன் நகலை வாங்கி வையுங்கள். அரசு ஆவணத்தில் உள்ள தேதியை எளிதில் மறுக்க முடியாது. கைபேசிக் காணொளிகளைத் தாக்கல் செய்வதென்றால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். எனவே அவை பதிவான பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள்.

‘தொடர்ந்து’ என்ற சொல்லை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்; கொரோனா காலத்தில் நீங்கள் பாடவில்லையே என்று கேட்கும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சித்திரைத் திருவிழாவே பக்தர்கள் கூடாமல் நடந்தது. மேடை இல்லாத காலத்தில் பாடாமல் இருந்ததைப் பெயரைக் கைவிட்டதாகக் கொள்ள முடியாது. அப்போது திருப்பிக் கொடுத்த முன்பணத்திற்குக் கணக்கு இருந்தால் அதுவே நல்ல பதில்.

அடுத்து, அவருடைய விண்ணப்பத்தை வணிகச் சின்னங்கள் பதிவகத்தின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். எந்த நாள் முதல் பெயரைப் பயன்படுத்துகிறார் என்று விண்ணப்பதாரர் அதில் சொல்லியாக வேண்டும்; முந்தைய நாளைச் சொன்னால் ஆவணத்துடன் பிரமாணப் பத்திரமும் வேண்டும். ‘இனிமேல் பயன்படுத்த உத்தேசம்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் முந்தியவர் என்பதை அவரே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். அப்பதிவை நீக்கக் கோரி 57-ஆம் பிரிவின்படி பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனு செய்யலாம். ஒருவர் பதிவு பெற்ற பெயரைப் பயன்படுத்துவது தெரிந்தும் தொடர்ந்து 5 ஆண்டுகள் சும்மா இருந்தால், அவர் நல்லெண்ணத்துடன் பதிவு பெற்றிருக்கும்பட்சத்தில், 33-ஆம் பிரிவு உங்கள் வாயை அடைத்துவிடும். ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

விழாக் குழு ஆளை மாற்றி முன்பணம் கொடுத்தது உங்களுக்கு வருத்தமான செய்தி. சட்டத்தின் கண்ணில் அது வலுவான சாட்சியம். ஒருவர் சம்பாதித்த நற்பெயரைத் தன்னுடையதுபோல் காட்டி மற்றவர் பிழைப்பதை எதிர்த்து, பதிவே இல்லாதவரும் வழக்குத் தொடரலாம். நற்பெயர், மக்கள் குழம்பியது, அதனால் வந்த இழப்பு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். நடந்ததைத் தேதியுடன் எழுதி அக்குழுத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். குழப்பம் மதுரை மாவட்டத்தில் நடந்திருந்தால் இங்கேயே மாவட்ட நீதிமன்ற நிலையில் உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்கலாம்.

அந்த இளைஞரின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒருவர் தம் சொந்தப் பெயரை நல்லெண்ணத்துடன் பயன்படுத்துவதை 35-ஆம் பிரிவு காக்கிறது. பின்பாதி அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர். அதை உச்சரிக்கவே கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. ஆனால் வத்தலக்குண்டுக்காரருக்கு ‘மதுரை’ பிறப்போடு வந்ததில்லை. அந்த ஒரு சொல்தான் இரண்டு பெயர்களையும் ஒன்றாக்குகிறது.

இதனால்தான் வழக்கைவிட உடன்படிக்கை உங்கள் இருவருக்கும் நல்லது என்று கருதுகிறேன். 1912-ஆம் ஆண்டிலேயே பிறந்த இரண்டு மணி ஐயர்கள், ஒருவர் பாட்டிலும் மற்றவர் மிருதங்கத்திலும், மதுரை மணி ஐயர், பாலக்காடு மணி ஐயர் என்று ஊர்ப்பெயரால் பிரிந்து நின்றார்கள். இருவருமே சங்கீத கலாநிதி ஆனார்கள். மாறாக அமெரிக்காவில், சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இசைத்தட்டுகள் வெளியிட்டுக்கொண்டிருந்த ஹார்மோனிகா கலைஞர் உயிரோடிருக்கும்போதே, 1941 முதல் இன்னொருவர் அதே பெயரில், அதே வாத்தியத்தை வானொலியில் வாசித்தார். முன்னவர் 1948-இல் இறந்தார். இன்றும் அவர்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத்தான் பிரிக்கிறார்கள்.

அவர் தம் ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொள்வது, 41-ஆம் வகுப்புப் பதிவைத் திரும்பப் பெறுவது, சுவரொட்டியில் படம் போடுவது, தவறி வரும் முன்பணத்தைத் திருப்பித் தருவது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள வணிக வழக்கில் முன்கூட்டிய சமரச முயற்சி எப்படியும் கட்டாயம். உடன்பாடு ஆனதும் உங்கள் பெயருக்கு நீங்களே விண்ணப்பம் போடுங்கள்; தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். அதனால் ‘மதுரை’ என்ற ஊர்ப்பெயர் உங்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. முழுப் பெயரும் சேர்ந்துதான் உங்களுடையது.

செயலிகளில் உள்ள குழப்பத்திற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. உங்கள் பாட்டை ஏற்றித் தந்த விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டால் பக்கத்தைப் பிரித்துத் தருவார்கள். பாடியவர் தாம்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் காப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு உங்களுக்குத் தருகிறது. அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸை மட்டும் எடுத்துச் செல்லாமல் அது வந்த தபால் உறையையும் கொண்டு செல்லுங்கள். அந்த 15 நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரை உதவும்.